ஆச்சி ஒத்தையில் வந்த கதை

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம், அதான் இந்தப் பக்கம் தலைகாட்டி நாலு மாசமாச்சு. நடுவுல ரெண்டு தடவை எழுத உட்கார்ந்தேன். தலைப்பு மட்டும் தட்டிட்டு, "அப்புறம் பாத்துக்கலாம்"னு எழுந்து போயிட்டேன். ரெண்டு தடவையும் எழுத நினைச்சது இந்த விஷயத்தைத்தான். இன்னிக்கு எப்படியாவது முடிச்சிரணும். கொஞ்சம் நீளமான பதிவு, காபி எடுத்துட்டு வந்து உட்காருங்க மக்கா.

எங்க ஆச்சிக்கு 2025-ல 76 வயசு. ஆச்சின்னா எங்க ஊர்ப்பக்கம் பாட்டி. இவங்க அப்பாவைப் பெத்தவங்க. சங்கரன்கோவில்ல அப்பா, அம்மாகூட இருக்காங்க. (2019-ல தென்காசி மாவட்டம்னு பிரிச்சாச்சு. ஆனா யாராவது கேட்டா என் வாயில இன்னும் "திருநெல்வேலிப் பக்கம்"னுதான் வருது.) தாத்தா தவறி பதினாறு வருஷமாச்சு. அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படிப்பு. தமிழ் பேப்பரை மூலை முடுக்கு விடாம படிப்பாங்க, ராசிபலன் உட்பட.

பொங்கல் முடிஞ்சு ரெண்டு மூணு வாரம் இருக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை போன்.

"ஏய்யா, உன் புது வீட்டப் பாக்க வாரேன். டிக்கெட்டு போடு."

"சூப்பர் ஆச்சி. அப்பாவுக்கும் சேர்த்துப் போடவா, அம்மாவுக்கும் போடவா?"

"ஒருத்தரும் வேண்டாம். நான் மட்டும் வாரேன்."

எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. ஏன்னா எனக்குத் தெரிஞ்சு ஆச்சி தெருமுனைக் கடையைத் தாண்டி எங்கயும் தனியா போனதே கிடையாது. கோவிலுக்குப் போனா பக்கத்து வீட்டு அத்தை, ஆஸ்பத்திரின்னா அம்மா, கல்யாணம்னா மொத்தக் குடும்பம். எப்பவும் ஒரு "துணை" உண்டு. அந்தத் துணையா நானே போயிருக்கேன். 2005-ல எனக்கு எட்டு வயசு. ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போகணும்னு ஆச்சி கிளம்பினப்ப, "பொம்பள ஒத்தையில போகக்கூடாது, பையனைத் துணைக்குக் கூட்டிட்டுப் போ"ன்னு தாத்தா சொன்னாரு. துணைக்குப் போன ஆம்பளை என்ன பண்ணேன்னா, ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுல கூட்டத்தைப் பாத்து அழுதேன். :-) பஸ் ஏத்தி, சீட்டு பிடிச்சு, தேர் காட்டி, பால்கோவா வாங்கிக் கொடுத்து, தூங்கிப்போன என்னை இடுப்புல வச்சுட்டு வீடு வந்து சேர்ந்தது ஆச்சி. ஆனா வீட்டுக் கணக்குல அன்னிக்கு ஆச்சிக்குத் துணை நான்!

சரி, விஷயத்துக்கு வருவோம்.

அப்பாவுக்கு விஷயம் தெரிஞ்சதும் வீட்டுல ஒரே களேபரம். "யம்மா, ஒனக்கு என்ன வந்துச்சு இப்ப? கடையில வேலை முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்." அப்பாவுக்கு நூல் வியாபாரம். வேலை எப்ப முடியும்னு அவருக்கே தெரியாது. ஆச்சி மசியலை. அம்மா சொல்லிப் பார்த்தாங்க, மதுரையிலிருந்து அத்தை போன் பண்ணி அழுதே பார்த்தாங்க. ஆச்சி எல்லாருக்கும் ஒரே பதில்: "நான் என்ன பச்சப்புள்ளையா? இங்க ஏறணும், அங்க இறங்கணும். நடுவுல ரயில் ஓட்டப் போறது நானா?"

தங்கமணி மட்டும்தான் முதல்லயே ஆச்சி கட்சி. "விடுங்களேன், அவங்க சமாளிச்சுருவாங்க" அப்படின்னா. வழக்கம்போல நான் காதுல வாங்கலை.

கடைசியில வேற வழியில்லாம ஒத்துக்கிட்டோம். அதுக்கப்புறம் நான் பண்ணின அலப்பறைதான் உங்ககிட்ட சொல்லணும். சாஃப்ட்வேர்காரன்கிட்ட ஒரு பிரச்சினையைக் கொடுத்தா என்ன பண்ணுவான்? எக்செல் ஷீட் போடுவான்.

முதல்ல டிக்கெட். பொதிகை எக்ஸ்பிரஸ், செங்கோட்டையிலிருந்து எழும்பூர். சங்கரன்கோவில்ல சாயங்காலம் ஏறினா மறுநாள் விடியக்காலைல சென்னை. ஏறத்தாழ 600 கிலோமீட்டர். ஏசியில போடறேன்னேன். "அந்த ஐஸ் பெட்டிக்குள்ள யாரு படுப்பா"ன்னுட்டாங்க. சரின்னு ஸ்லீப்பர். மூத்த குடிமக்களுக்கும், 45 வயசுக்கு மேல தனியா போற பெண்களுக்கும் லோயர் பெர்த்துக்குன்னு ஒரு கோட்டா இருக்கு. தனியாவோ ரெண்டு பேராவோ போனாத்தான் அது செல்லும், குடும்பத்தோட நாலு பேரா புக் பண்ணினா கிடையாது. ஆச்சி தனியா வந்ததுல கிடைச்ச ஒரே லாபம் இதுதான்னு அன்னிக்கு நினைச்சேன். எஸ்5, 33-ஆம் நம்பர், லோயர்.

முழுக் கட்டணம்னதும் ஆச்சிக்குக் கோபம். பெண்களுக்கு 58 வயசானா பாதிக் கட்டணம்னு முன்னாடி இருந்துச்சு. கொரோனா வந்தப்ப 2020 மார்ச்சுல அதை நிறுத்தினாங்க, நான் டிக்கெட் போட்ட அன்னிக்கு வரைக்கும் திரும்பக் கொடுக்கலை. ஆச்சி சொன்னது: "வயசாயிட்டுன்னு குறைச்சுக் கொடுத்தான், சரி. இப்ப இன்னும் வயசானப்புறம் முழுசு வாங்குதான். நான் குமரியாயிட்டேன்னு நெனச்சுட்டானோ என்னமோ!"

அப்புறம் எக்செல். ஒரு பக்கம் ஸ்டேஷன் பேரு, பக்கத்துல நேரம், அதுக்குப் பக்கத்துல யார் போன் பண்ணணும்னு. ராஜபாளையம் - அம்மா. சிவகாசி - அப்பா. விருதுநகர் - நான். மதுரை - அத்தை (ஸ்டேஷனுக்கே போய் ஜன்னல் வழியா பாத்துரணும்னு வேற ஏற்பாடு). திருச்சி - ராத்திரியாச்சே, இருந்தாலும் நான். விழுப்புரம் - நான். செங்கல்பட்டு - நான். ஏதாவது தப்பா போனா என்ன பண்றதுன்னு கீழ ஒரு தனி அட்டவணை. ஆபீஸ்ல புரொடக்‌ஷனுக்கு ஏதாவது அனுப்புறப்பகூட இவ்வளவு பக்காவா பிளான் போட்டதில்லை. என் மேனேஜர் பாத்திருந்தா கண்ணீர் விட்டிருப்பாரு.

ஆச்சிகிட்ட இருக்கிறது ஒரு பட்டன் போன். 2 அமுக்கினா நான், 3 அமுக்கினா அப்பா. தினமும் ராத்திரி பாடம் எடுத்தேன்.

"ஆச்சி, யாராவது டீ கொடுத்தா?"

"குடிக்கக்கூடாது."

"பத்து மணிக்கு மேல?"

"நடுப் படுக்கையைத் தூக்கி மாட்டுவாங்க, நிமிர்ந்து உக்காரக்கூடாது, தலை இடிக்கும்."

"ஆதார் எங்க இருக்கு?"

"மஞ்சப்பையில. ஒரிஜினலு."

"எந்த ஸ்டேஷன்ல இறங்கணும்?"

இதுக்கு மட்டும் ஆச்சி பதிலே சொல்லலை. "எல்லாம் தெரியும்யா, தூங்கு போ"ன்னு வச்சுட்டாங்க. நான்தான் கவனிக்கலை. இப்ப நினைச்சா என் மேலயே சிரிப்பா வருது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா ஏத்திவிட்டாரு. லக்கேஜ் ஒரு துணிப்பை, ஒரு மஞ்சப்பை, ஒரு ஒயர் கூடை. ஒயர் கூடையை மட்டும் அம்மாவைத் தொடவே விடலையாம். எதிர் சீட்டுல தாம்பரம் போற ஒரு நர்சிங் காலேஜ் பொண்ணு. அப்பா அந்தப் பொண்ணுகிட்ட "கொஞ்சம் பாத்துக்கம்மா"ன்னு சொல்லி, நம்பர் கொடுத்து, பத்தாததுக்குப் பக்கத்து சீட்டுக்காரர்கிட்டயும் சொல்லி, ரயில் நகர்ற வரைக்கும் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுட்டே நின்னாராம். அம்மா சொன்னாங்க.

ஷீட்டுல இருந்தபடி போன் வரிசையா போச்சு. ராஜபாளையம் ஓகே. சிவகாசி ஓகே. விருதுநகர்ல நான் பண்ணினப்ப ஆச்சி அந்தப் பொண்ணுகூட சேர்ந்து புளியோதரை சாப்பிட்டுட்டு இருந்தாங்க. மதுரையில அத்தை பாத்து, அழுது, வாழைப்பழம் கொடுத்து முடிச்சாச்சு. அதுக்கப்புறம் திண்டுக்கல்லுக்குள்ள அப்பா ஒண்ணு, அம்மா ஒண்ணு, அத்தை ஒண்ணு, நான் ரெண்டு. திருச்சியில நான் பண்ணினப்ப, "சுவிட்ச் ஆஃப்"னு வந்துச்சு.

தூங்குறாங்க, சார்ஜ் போயிருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ரயில் எங்க இருக்குன்னு காட்டுற ஆப்பைத் திறந்து வச்சுட்டு அதையே பாத்துட்டு இருந்தேன். விருத்தாசலம் தாண்டியாச்சு. விழுப்புரம் தாண்டியாச்சு. ஆப் ரயிலைக் காட்டும், ரயிலுக்குள்ள ஆச்சி என்ன பண்றாங்கன்னு காட்டாதே. நாலு மணிக்கே கிளம்பிட்டேன். அயனாவரத்துலேர்ந்து எழும்பூர் எவ்வளவு தூரம், அதுக்கு நாலு மணிக்கா? தங்கமணி ஒண்ணும் சொல்லாம பிளாஸ்க்குல காபி போட்டுக் கொடுத்து அனுப்பினா.

எழும்பூர்ல மறுசீரமைப்பு வேலை நடந்துட்டிருந்த நேரம். எங்க பாத்தாலும் தகர வேலி, பாதி இடிச்ச சுவரு. பிளாட்பாரத்துல எஸ்5 வந்து நிக்கிற இடமாப் பாத்து நின்னுட்டேன். ரயில் வந்துச்சு. கூட்டம் இறங்கி முடியற வரைக்கும் பொறுக்காம உள்ள ஏறி 33-க்குப் போனேன்.

காலி.

ஒரு வாழைப்பழத் தோல் மட்டும் பேப்பர்ல மடிச்சு, ஜன்னல் ஓரமா இருந்துச்சு. ஆச்சி குப்பையைக் கீழ போட மாட்டாங்க.

அந்த நிமிஷத்தை எப்படி எழுதுறதுன்னு தெரியலை. காது அடைச்சுப் போச்சு. பாத்ரூம்ல இருப்பாங்கன்னு ரெண்டு பக்கமும் போய்த் தட்டினேன். எஸ்4, எஸ்6 எல்லாம் ஓடினேன். வேற கம்பார்ட்மெண்ட்ல ஏறி இறங்கியிருப்பாங்களோன்னு பிளாட்பாரம் முழுக்க ஒரு தடவை ஓடினேன். அப்பாவுக்குப் போன் போட்டு, "ஆச்சி வரலைப்பா"ன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "என்னல சொல்ற?" அப்படின்னாரு. அப்பா என்னை "ல" போட்டுப் பேசி பத்து வருஷம் இருக்கும்.

139-க்குப் போட்டேன். பி.என்.ஆர். நம்பர் கேட்டாங்க. எக்செல்ல பக்காவா வச்சிருந்த நம்பர், அந்த நேரத்துல கண்ணுக்குத் தெரியலை. பிளாட்பாரத்துல நின்ன ரயில்வே போலீஸ் அம்மா ஒருத்தங்கதான் என்னை உட்கார வச்சு, தண்ணி குடிக்கச் சொல்லி, நிதானமா கேட்டாங்க. என்ன வயசு, என்ன கலர் சேலை. சேலை கலர் எனக்குத் தெரியலை. அப்பாகிட்ட கேட்டேன், அவருக்கும் தெரியலை. ஸ்டேஷன் வாரியா நேரம் குறிச்சு வச்ச ஷீட்டுல அதுக்கு ஒரு காலம் போடத் தோணலை பாருங்க. கடைசியில அம்மாதான் சொன்னாங்க, அரக்குக் கலர் சுங்குடி.

அப்பாவே அதுக்குள்ள அந்த நர்சிங் பொண்ணைப் போன்ல பிடிச்சுட்டாரு. அந்தப் பொண்ணு சாவகாசமா, "பாட்டி எங்கூடவே தாம்பரத்துல இறங்கிட்டாங்களே அங்கிள். அவங்க பேத்தி வந்து கூட்டிட்டுப் போனாங்களே" அப்படின்னிருக்கு.

பேத்தியா? அத்தை பொண்ணு இருக்கிறது மதுரையில. தாம்பரத்துல எங்களுக்கு எந்தப் பேத்தி?

அப்பா அப்படியே அமைதியாயிட்டாரு. அவருக்குப் புரிஞ்சிருச்சு. எனக்குப் புரிய இன்னும் அஞ்சு நிமிஷம் ஆச்சு. ஏதோ ஒரு புது நம்பர்லேர்ந்து போன் வந்துச்சு.

"ஏய்யா, ஆச்சி பேசுதேன். நான் உன் சின்ன ஆச்சி வீட்டுல இருக்கேன். சேலையூர்ல. பயந்துட்டியோ?"

இங்க கொஞ்சம் பழைய கதை சொல்லணும்.

ஆச்சிக்கு ஒரே ஒரு தங்கச்சி. நாலு வயசு இளையவங்க. எனக்கு சின்ன ஆச்சி, அப்பாவுக்கு சித்தி. அண்ணன் தம்பி கிடையாது, ரெண்டே பொண்ணுங்க. கல்யாணமாகி ஒருத்தர் சங்கரன்கோவில், ஒருத்தர் மெட்ராஸ். அவங்க அப்பா வீடு பக்கத்து கிராமத்துல பூட்டிக் கிடந்துச்சு. 2014-ல அதை வித்தாங்க. உயில் எதுவும் கிடையாது, 1956 வாரிசு உரிமைச் சட்டப்படி ரெண்டு பேருக்கும் சரிபாதி. அதுல யாருக்கும் சந்தேகமில்லை. ஆனா கடைசிக் காலத்துல கொள்ளுப்பாட்டியை வச்சுப் பாத்தது, ஓடு மாத்தினது, வரி கட்டினதுன்னு எங்க அப்பா ஒரு கணக்கு எழுதி வச்சிருந்தாரு. அதைக் கழிச்சுட்டு மீதியைப் பிரிக்கணும்னாரு. சின்ன ஆச்சி மகன், அதாவது எங்க சித்தப்பா, "பெத்தவளப் பாத்ததுக்குக் கூலியா?"ன்னு கேட்டுட்டாரு. பத்திரப்பதிவு ஆபீஸ் வாசல்ல வச்சு, எல்லாரும் பாக்க, ரெண்டு பேருக்கும் வாய்ச்சண்டை. அன்னிக்கு முறிஞ்சது. என் கல்யாணத்துக்கு அவங்களுக்குப் பத்திரிகை போகலை. அவங்க வீட்டு வளைகாப்பு எங்களுக்குத் தெரியாது.

யார் பக்கம் நியாயம்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது. அப்பா எழுதின கணக்கு பொய் இல்லை. சித்தப்பா கேட்ட கேள்வியும் தப்பு இல்லை. ஆனா ஒண்ணு தெரியும். அந்த வீடு அந்த ரெண்டு பொம்பளைங்களோட அப்பா வீடு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாங்க. ரெண்டு பேர்கிட்டயும் யாரும் எதுவும் கேட்கலை. சண்டை போட்டது ரெண்டு பிள்ளைங்க. பதினோரு வருஷம் பேசாம இருந்தது ரெண்டு அம்மாக்களும் சேர்த்து.

எழும்பூர்லேர்ந்து தாம்பரத்துக்கு லோக்கல் டிரெயின்ல ஏறினேன். கையில பிளாஸ்க்குக் காபி அப்படியே இருந்துச்சு. வழி முழுக்க எனக்குக் கோபம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, இவ்வளவு பேரை இப்படித் தவிக்க விடலாமான்னு மனசுக்குள்ளயே வசனம் எழுதிட்டுப் போனேன்.

சேலையூர்ல கீழ்ப்போர்ஷன் வீடு. சித்தப்பாதான் கதவைத் திறந்தாரு. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி பாத்த ஆளு, தலை முழுக்க நரைச்சிருந்துச்சு. அவருக்கும் என்ன பேசறதுன்னு தெரியலை, எனக்கும் தெரியலை. "வாப்பா"ன்னாரு. அப்புறம், "அப்பா சுகமா இருக்காரா?"ன்னாரு. நான் தலையாட்டினேன்.

உள் ரூம்ல கட்டில்ல சின்ன ஆச்சி. நவம்பர்ல பாத்ரூம்ல விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு, ஆபரேஷன் பண்ணி, அப்புறம் எழுந்து நடக்கவே இல்லையாம். எங்களுக்கு யாரும் சொல்லலை. கோவில்ல பாத்த ஒரு பழைய உறவுக்காரம்மா மூலமா ஆச்சிக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு. அவங்ககிட்டயே நம்பர் வாங்கி, பக்கத்து வீட்டு அத்தை போன்லேர்ந்து பேசி, எந்த ரயிலு, எத்தனை மணிக்குத் தாம்பரம், யார் வந்து கூட்டிட்டுப் போகணும்னு எல்லாம் ஏற்பாடு பண்ணியிருக்காங்க. எக்செல் இல்லாம!

ஆச்சி கட்டில் விளிம்புல உட்கார்ந்திருந்தாங்க. ஒயர் கூடை பக்கத்துல. அதுலேர்ந்து கோமதி அம்மன் கோவில் புற்றுமண்ணை எடுத்து, தண்ணியில குழைச்சு, தங்கச்சி இடுப்புல தடவிட்டு இருந்தாங்க. எங்க ஊர்ல எந்த நோவுக்கும் அதுதான் முதல் மருந்து. ஆபரேஷன் பண்ணின டாக்டர் என்ன சொல்லுவாரோ தெரியாது, தழும்புல படாம சுத்தித்தான் தடவினாங்க. கூடைக்குள்ள வேற என்ன இருந்துச்சுன்னா கருப்பட்டி மிட்டாய் ஒரு கிலோ. சின்ன ஆச்சிக்கு சுகர் இருக்கு. :-)

நான் எழுதி வச்சிருந்த வசனம் ஒண்ணும் வாயில வரலை. "ஏன் ஆச்சி சொல்லலை?"ன்னு மட்டும் கேட்டேன்.

கையைத் துடைச்சுக்கிட்டே சொன்னாங்க. "உங்கப்பன்ட்ட கேட்டா போவாதன்னுருவான். உன்ட்ட சொன்னா நீ அவன்ட்ட சொல்லிருவ. சரி, யாராவது ஒருத்தரக் கூட்டிட்டு வந்தோம்னு வையி, வாரவுகளுக்கும் ஒரு பக்கம் இருக்கும்லா? வந்த இடத்துல அவுக மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா நான் இவள எப்படிப் பாக்க? அதான்யா. இதுக்கு ஒத்தையிலதான் வரணும்."

"போன் ஏன் ஆஃப் ஆச்சு?"

"நான்தான் அமுத்தி வச்சேன். மணிக்கு நாலு பேரு கூப்பிட்டா மனுசி தூங்க வேண்டாமா? தூங்கிட்டேன்னா தாம்பரத்துல யாரு எழுப்புவா?"

சின்ன ஆச்சி படுத்துக்கிட்டே சிரிச்சாங்க. அப்படியே ஆச்சி சிரிப்பு.

அன்னிக்குக் காலையில நான் அங்க இருந்த ரெண்டு மணி நேரத்துல அவங்க வீட்டைப் பத்தியோ சண்டையைப் பத்தியோ ஒரு வார்த்தை பேசலை. ஊர்ல அந்தப் புளியமரம் இருக்கா, கிணத்தைத் தூத்துட்டானா, கூடப் படிச்சவங்கள்ல யாரெல்லாம் இருக்காங்க, யாரெல்லாம் போயிட்டாங்க. இதேதான். நடுவுல ரெண்டு பேரும் சும்மா இருப்பாங்க. அப்புறம் திடீர்னு ஒரு பேரு ஞாபகம் வரும், மறுபடி ஆரம்பிக்கும்.

அப்பாவுக்கு நான்தான் சொல்லணும். வாசலுக்கு வந்து போன் பண்ணினேன். மெட்ராஸ் பஸ் பிடிக்கக் கிளம்பி நின்னுட்டு இருந்தாரு மனுஷன். எல்லாத்தையும் சொன்னேன். விழுந்தது, ஆபரேஷன், நடக்க முடியாதது. ரொம்ப நேரம் பேசலை. லைன் போயிருச்சோன்னு நினைச்சேன். அப்புறம் கேட்டாரு.

"அம்மா சாப்ட்டாளா?"

"சாப்ட்டாங்கப்பா. ரெண்டு இட்லி."

"சரி." வச்சுட்டாரு.

ஆச்சி சேலையூர்ல நாலு நாள் இருந்தாங்க. அப்புறம் எங்க வீட்டுக்கு வந்து ரெண்டு நாள். ரெண்டு நாளும் நான் முகத்தைத் தூக்கி வச்சுட்டுத்தான் இருந்தேன். "பொய் சொல்லிட்டு வந்துட்டாங்க"ன்னு தங்கமணிகிட்ட புலம்பினேன். அவ கேட்டா: "என்ன பொய் சொன்னாங்க? உங்க வீட்டைப் பாக்க வரேன்னாங்க. இதோ வந்துட்டாங்கள்ல?" அதுக்கு எனக்குப் பதில் தெரியலை.

அப்புறம் யோசிச்சப்பதான் உறைச்சுது. அந்த ஒரு வாரமும் எங்க வீட்டுல எல்லாரும் கேட்டது, "எப்படிப் போவே, யார்கூடப் போவே, பயமா இல்லையா"தான். எதுக்குப் போறேன்னு ஒருத்தர்கூடக் கேட்கலை. பேரன் வீட்டைப் பாக்கறதைத் தவிர அவங்களுக்குன்னு ஒரு வேலை இருக்கும்னே எங்களுக்குத் தோணலை. எல்லாரும் ஆச்சி மேல பாசம்தான், பொய்யில்லை. ஆனா அந்தப் பாசத்துல, பதினோரு வருஷமா ஒரு அக்கா தன் தங்கச்சியைப் பாக்கலைங்கறது எங்க யார் கண்ணுலயும் படலை. அவங்களுக்கு எப்பவும் துணை அனுப்பினோம். அந்தத் துணை போக விரும்பாத இடத்துக்கு அவங்களும் போக முடியாதுன்னு நாங்க யோசிச்சதில்லை.

இதுக்கு மேல பெரிய கிளைமாக்ஸ் எல்லாம் இல்லை. அப்பாவும் சித்தப்பாவும் கட்டிப்பிடிச்சு அழுதாங்கன்னு எழுதினா நல்லா இருக்கும், ஆனா அப்படி எதுவும் நடக்கலை. இன்னும் பேசிக்கலை. அப்பா சேலையூர் பக்கம் வரலை.

ஆனா மே மாசம் ஒரு நாள் அப்பா போன் பண்ணினாரு. ஊர்க்கதை, நூல் விலை எல்லாம் பேசிட்டு, வைக்கிறதுக்கு முன்னாடி, "ஆச்சிக்கு அடுத்த மாசம் டிக்கெட் ஒண்ணு போடு"ன்னாரு.

"எழும்பூருக்காப்பா?"

"தாம்பரம்னு போடு."

"உங்களுக்கும் சேர்த்துப் போடவா?"

கொஞ்சம் யோசிச்ச மாதிரி இருந்துச்சு. "இல்ல, ஒண்ணு போதும். அவ ஒத்தையிலயே போயிருவா."

எஸ்3, 17. லோயர். இந்தத் தடவை எக்செல் போடலை. சேலை கலர் மட்டும் கேட்டு வச்சுக்கிட்டேன்.

பி.கு: வீட்டுப் பெரியவங்களை ரயில்ல தனியா அனுப்புறவங்களுக்கு, நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. லோயர் கோட்டால பாருங்க. ஒரிஜினல் அடையாள அட்டை கையில இருக்கட்டும். உங்க நம்பரை ஒரு பேப்பர்ல எழுதிப் பைக்குள்ள போடுங்க, போன் ஆஃப் ஆனாலும் அது உதவும். பி.என்.ஆர். நம்பரை மனப்பாடம் பண்ணிக்கோங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல போன் பண்ணாதீங்க, பாவம், தூங்கட்டும். முக்கியமா, டிக்கெட் போடறதுக்கு முன்னாடி, எங்க போகணும்னு அவங்ககிட்டயே ஒரு தடவை கேளுங்க.